கல்லு வாத்தியாரும் ஆறு முழு மனிதர்களும்

மனிதன் அரைகுறையாகத்தான் பிறக்கிறான். அவனை முழுமையாக்குவது கல்வி. இந்தப் பேருண்மையைக் கண்டடைய மனிதகுலத்துக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அதிலும் முதல் பாதியில் மைக் வேலை செய்யவில்லை.

விஷயம் இவ்வளவுதான். வெளியிலிருந்து வந்த தரமதிப்பீட்டுக் குழுவின் தலைவர், தங்கப்பதக்கம் வாங்கிய ஒரு மாணவனைக் கூப்பிட்டு, சூரியன் ஏன் தம்பி கிழக்கிலேயே உதிக்கிறது என்று கேட்டார். மாணவன் கொஞ்சமும் தயங்கவில்லை. அது எங்கள் சிலபஸில் இல்லை சார் என்றான். தலைவர் சிரித்தார். அவர் சிரித்ததால் துணைவேந்தரும் சிரித்தார். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு துணைவேந்தர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அதே கேள்வியைத் தன் அந்தரங்கச் செயலரிடம் கேட்டார். நாளைக்குள் விசாரித்துச் சொல்கிறேன் என்றார் செயலர். விசாரிப்பதென்றால் ஆட்கள் வேண்டும். ஆட்கள் என்றால் குழு. மறுநாள் காலையில் பொதுக்கல்வித் திட்டக் குழு பிறந்துவிட்டது. எந்தத் துறை மாணவனாக இருந்தாலும் தன் பாடத்தோடு பிற துறைப் பாடங்களையும் கட்டாயம் படித்தாக வேண்டும். எவற்றை, எந்த வரிசையில் என்று முடிவு செய்வது குழுவின் பொறுப்பு. சூரியன் ஏன் கிழக்கில் உதிக்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர்கள் நான்கு பேர், எல்லோரும் குழுவில் உறுப்பினர்கள். நிலவியல் துறைக்குத் தலைவர் கிடையாது. இருந்தவர் ஓய்வு பெற்றுப் போன மறுநாளே அவருடைய நாற்காலியைப் பொருளியல் துறைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது நூலகப் படிக்கட்டுக்கு அடியில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை. அதில் அலமாரி அலமாரியாகக் கற்கள். கற்களுக்கு நடுவில் ஒரு தற்காலிக விரிவுரையாளர். மாணவர்கள் அவரைக் கல்லு வாத்தியார் என்றார்கள். மெல்ல மெல்ல மற்ற ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, இப்போது சம்பளப் பிரிவில் அவருடைய உண்மைப் பெயரைச் சொன்னால் அது யார் என்று கேட்கிறார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது அலமாரிக்குள் கற்கள் கிடுகிடுவென்று ஆடும். பூகம்பம் பற்றிப் பாடம் நடத்த அது வசதியாக இருந்தது.

அவருடைய வேலை வருஷா வருஷம் நீட்டிக்கப்படுகிற வேலை. அந்த வருஷம் நிலவியலில் ஒரு மாணவன்கூடச் சேரவில்லை. பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினார். பதிவாளர் கெட்டவர் இல்லை. விதியைத் துணைக்கு அழைத்துக்கொள்ளாமல் அவருக்குப் பேச வராது, அவ்வளவுதான். குடும்பத்தில் யாராவது சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட எந்த விதியின் கீழ் கேட்கிறாய் என்பார் என்று சொல்லிக்கொள்வார்கள்.

"மாணவர் இருந்தாதான் ஆசிரியர். விதி அப்படித்தான் சொல்லுது," என்றார் பதிவாளர். "புதுசா பொதுக்கல்வி வருது. அதுல உங்க பாடத்தை யாராவது எடுத்துத் தேறினா, உங்களுக்கு நீட்டிப்பு உண்டு. யாரும் எடுக்கலன்னா, உங்க எதிர்காலத்துக்கு என் வாழ்த்துகள்."

வாழ்த்தை முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் பிறகு ஒரு பிரிவு உபசார விழா மிச்சம்.

கல்லு வாத்தியார் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவள். நாளெல்லாம் மனிதர்களை ஊசி முனையில் சந்திப்பதால் அவர்களைப் பற்றி அவளுக்கு அதிக மயக்கம் கிடையாது.

"குழுவுல உங்களையும் போட்டிருக்காங்கல்ல? நல்லதாப் போச்சு," என்றாள். "போங்க, உக்காருங்க. டீ குடிக்கறதுக்குத் தவிர வேற எதுக்கும் வாயைத் தொறக்காதீங்க. எல்லாப் பசங்களும் எல்லாத்தையும் படிக்கணும்னா, எவன் தலையிலயாவது உங்க கல்லு விழுந்துதானே ஆகணும்?"

முதல் கூட்டம் வட்டமேசை அறையில் நடந்தது. மேசை நீள்சதுரம். வட்டமாக இருந்தால் தலைமை இடம் எதுவென்று தெரியாமல் போகிறது என்று முந்தைய துணைவேந்தர் காலத்தில் மேசையை மாற்றினார்கள். அறையின் பெயரை மாற்றுவதற்கு ஒப்புதல் இன்னும் வரவில்லை. கல்லு வாத்தியாருக்குக் கதவோரமாக, ஏசி சொட்டுகிற இடத்தில் நாற்காலி கிடைத்தது.

"இந்த நாட்டுக்குத் தேவை பொறியாளர் இல்ல, மருத்துவர் இல்ல, கணக்காளர் இல்ல," என்றார் துணைவேந்தர். "மனிதன். முழு மனிதன். அவனை நாமதான் தயாரிக்கப் போறோம். வர்ற கல்வியாண்டுக்குள்ள."

எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து ஒருங்கிணைப்பாளர் எழுந்தார். இவர் பொருளியல் துறைத்தலைவர். 'சுருக்கமா சொல்றேன்' என்று இவர் வாயைத் திறந்தால் எதிரே இருக்கிற டீ ஆறி, ஆடை கட்டி, அந்த ஆடையும் சுருங்கிய பிறகுதான் உட்காருவார். அதனால் பல்கலைக்கழகம் முழுக்க இவருக்குச் சுருக்கம் சார் என்று பெயர். முழு மனிதனை ஓர் உடம்பாகக் கற்பனை செய்துகொள்ளும்படி அவர் கேட்டுக்கொண்டார். உடம்புக்கு முதுகெலும்பு பொருளியல். மற்ற துறைகள் கை, கால், விரல். விரல்களைத் தான் பெரிதும் மதிப்பதாகவும் சொன்னார்.

இயற்பியல் துறைத்தலைவரான அம்மையார், முதுகெலும்பு பன்றிக்கும் உண்டு, மூளை என்பது இயற்பியல் என்றார். வரலாற்றுத் துறைத்தலைவர், ஞாபகம் இல்லாத மூளை இருந்தென்ன என்று கேட்டார். தத்துவத் துறைத்தலைவர் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர். தூங்குகிறாரா சிந்திக்கிறாரா என்று அவருடைய துறையிலேயே இரண்டு கட்சி உண்டு. அவர் கண்ணைத் திறக்காமல் "உயிர்" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். நிலவியலின் பக்கம் யாரும் திரும்பவில்லை. உடம்பில் கல் வருவது சிறுநீரகத்தில்தான்.

இந்த உடற்கூறு ஆராய்ச்சிக்குப் பின்னால் சின்னதாக ஒரு கணக்கு இருந்தது. எந்தப் பாடத்தைக் கட்டாயமாக்குகிறார்களோ அந்தத் துறைக்கு மாணவர் தலைகள் கூடும். தலைகள் கூடினால் பணியிடங்கள் கூடும். ஆகவே ஒவ்வொரு துறையும் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் கட்டாயமாக்கச் சொல்லிப் பட்டியல் கொடுத்தது. கூட்டிப் பார்த்தபோது, முழு மனிதன் தயாராகி வெளியே வரப் பதினோரு வருஷம் ஆகும் என்று தெரிந்தது.

"வெளிய வர்றப்ப அவனுக்குத் தலை நரைச்சிருக்குமே," என்று துணைவேந்தர் கவலைப்பட்டார்.

பாடத்தைக் குறைக்க எந்தத் துறையும் சம்மதிக்கவில்லை. கடைசியில் சுருக்கம் சார்தான் வழி கண்டுபிடித்தார். பாடத்தைக் குறைக்க வேண்டாம், மணி நேரத்தைக் குறைக்கலாம். இனிமேல் பொதுக்கல்வியைப் பொறுத்தவரை ஒரு மணி நேரம் என்பது இருபது நிமிஷம் என்று தீர்மானமாயிற்று. பதினோரு வருஷம் ஒரே நொடியில் நாலு வருஷத்துக்கும் கீழே இறங்கியது. பொருளியல் இல்லாமல் உலகம் எப்படி இயங்கும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது. கல்லு வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. டீ வந்தபோது மட்டும் திறந்தார்.

இரண்டாவது கூட்டம் பயிற்சிப் பட்டறையாக நடந்தது. வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து எல்லோருக்கும் வண்ணக் காகிதமும் பசையும் கொடுத்தார். பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்வார் என்று காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். 'அறிவார்', 'புரிந்துகொள்வார்' போன்ற சொற்களுக்கு அனுமதியில்லை. ஒருவன் அறிந்தானா என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது. வரலாற்றுத் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் மாணவர்கள் முப்பது வருஷமாக வரலாற்றை அறிந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். அதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று பயிற்சியாளர் பணிவாகக் கேட்டார். வரலாற்றுத் தலைவர் உட்கார்ந்து பசையைத் திறந்தார்.

கல்லு வாத்தியார் என்ன எழுதுவதென்று தெரியாமல், 'மாணவர் ஒரு கல்லைப் பார்ப்பார்' என்று எழுதி ஒட்டினார். பயிற்சியாளர் அதற்கு முன்னால் நின்று ரொம்ப நேரம் தலையாட்டினார். இவ்வளவு தெளிவான, அளக்கத்தக்க விளைவைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று சொல்லி, அதைப் படமும் எடுத்துக்கொண்டார். எட்டு வருஷத்தில் அந்த வளாகத்தில் கல்லு வாத்தியாருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் அவர் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏனென்றால் மூன்றாவது கூட்டத்தில் முன்தகுதி வந்தது. எந்தப் பாடத்தில் சேருவதற்கு முன்னால் எந்தப் பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்பதுதான் முன்தகுதி. வரைவில் எல்லாப் பாடங்களுக்கும் மேலே 'தொடக்கநிலை' என்று போட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் நேராக வந்து சேரலாம் என்று அர்த்தம். இதைப் பார்த்ததும் இயற்பியல் அம்மையாருக்கு மூக்கு சிவந்தது.

"இப்ப தொடக்கநிலைன்னு போடுவீங்க, நாளைக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கச் சொல்வீங்க," என்றார். "என் பாடத்துக்கு நேரா வந்து உக்கார முடியாது. முதல்ல சிந்திக்கக் கத்துக்கிட்டு வரட்டும்."

ஆகவே இயற்பியலுக்கு முன்தகுதி தத்துவம். தத்துவத் தலைவர் குழு அமைந்ததிலிருந்து முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார். தன்னுடையது கடைநிலைப் பாடமா என்று வருத்தத்தோடு கேட்டுவிட்டு, இதுவரை யார் யார் என்னென்ன சிந்தித்தார்கள் என்று தெரியாதவன் புதிதாகச் சிந்தித்துத் தொலைத்தால் ஆபத்து என்றார். ஆகவே தத்துவத்துக்கு முன்தகுதி வரலாறு. வரலாறு என்றால் ராஜா கதை என்று நினைத்தீர்களா, வரிவசூல் தெரியாதவனுக்கு ராஜாவைப் பற்றி என்ன தெரியும் என்று வரலாற்றுத் தலைவர் கேட்டார். ஆகவே வரலாற்றுக்கு முன்தகுதி பொருளியல்.

எல்லோரும் சுருக்கம் சாரைப் பார்த்தார்கள். அவர் கலங்கவில்லை.

"சுருக்கமா சொல்றேன். நிலம், உழைப்பு, மூலதனம். இதுல முதல்ல வர்றது நிலம். நிலம்னா என்னன்னு தெரியாதவன் என் வகுப்பு வாசல்ல நிக்கக் கூடாது."

ஆகவே பொருளியலுக்கு முன்தகுதி நிலவியல்.

சொட்டுகிற ஏசிக்கு அடியில் கல்லு வாத்தியாருக்கு உடம்பு சிலிர்த்தது. தண்ணீர் விழுந்ததால் இல்லை. பல்கலைக்கழகத்தின் அத்தனை மாணவர்களும் முதலில் தன்னிடம்தான் வந்தாக வேண்டும். இயற்பியலுக்கும் தத்துவத்துக்கும் போகிறவன்கூட அந்தப் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்துதான் போக வேண்டும். நீட்டிப்பு என்ன நீட்டிப்பு, வேலையே நிரந்தரமாகிவிடும். வாய் திறக்காமல், தலையை மட்டும் ஆட்டியே ஒரு மனிதன் எட்டிப் பிடித்த உச்சம் அது.

"கல்லு பாடத்துக்கு முன்தகுதி ஒண்ணும் வேணாம்ல?" என்று சுருக்கம் சார் கேட்டார்.

"அதுக்கு என்ன வேணும்? பாக்கக் கண்ணு இருந்தா போதும்," என்றார் அம்மையார்.

"கண்ணுகூட எதுக்கு? தடுக்கி விழுந்தா போதும்," என்றார் வரலாற்றுத் தலைவர்.

மேசை குலுங்கச் சிரித்தார்கள். துணைவேந்தர் சிரித்தார். கண்ணை மூடியபடியே தத்துவமும் சிரித்தது. கல்லு வாத்தியாரும் பழக்கத்தில் சிரிக்கத்தான் தொடங்கினார். ஆனால் சுவரில் ஒட்டிய காகிதமும் பயிற்சியாளர் தலையாட்டியதும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை பெய்கிறது என்ற சாக்கு உண்டு.

"மன்னிக்கணும் மேடம்," என்று அவர் எழுந்தார். "கல்லுன்னா அவ்வளவு லேசு இல்ல. பூமிக்கு அடியில எத்தனை வெப்பம், எத்தனை அழுத்தம், எத்தனை யுகம். இயற்பியல் தெரியாதவனுக்கு என் பாடத்துல ஒரு வரி புரியாது. என் பாடத்துக்கும் முன்தகுதி வேணும். இயற்பியல் முடிச்சிட்டு வரட்டும்."

இயற்பியல் அம்மையார் முதலில் நெற்றியைச் சுருக்கினார். பிறகு தன் பாடம் இல்லாமல் ஒரு கல்லைக்கூடப் பார்க்க முடியாது என்பது உறைத்ததும் முகம் மலர்ந்தார். நல்ல யோசனை சார் என்றார். அந்த மேசையில் கல்லு வாத்தியாரை ஒருவர் சார் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. டீயோடு பிஸ்கட்டும் வந்தது.

அன்று மாலை அவர் மனைவியிடம், இன்றைக்குப் பேசிவிட்டேன் என்றார் பெருமையாக. அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, என்ன பேசினீர்கள் என்றுகூடக் கேட்காமல், கடவுளே என்றாள்.

திட்டம் பளபளப்புத் தாளில் புத்தகமாக வெளிவந்தது. அட்டையில் ஒருவன் உலக உருண்டையின் மேல் நின்று சூரியனைக் கையில் ஏந்தியிருந்தான். முதல் பக்கத்தில் குழு உறுப்பினர்களின் பெருமை. பின்பக்கத்தில் துணைவேந்தர் படம். தொலைக்காட்சிப் பேட்டியில் துணைவேந்தர், முன்தகுதியில் எந்தக் காலத்திலும் எவருக்கும் சமரசம் இல்லை என்று அறிவித்தார்.

பிறகு மாணவர்கள் பாடங்களில் பதிவு செய்கிற நாள் வந்தது. பெரிய மண்டபத்தில் துறைக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். கல்லு வாத்தியார் மேசைமேல் இருந்ததிலேயே அழகான படிகக்கல் ஒன்றைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார். கூட்டம் வந்தது. வந்த வேகத்தில் போனது. மத்தியானத்துக்குள் மண்டபத்தில் ஒரு விசித்திரம் நடந்தது: வரிசையின் தலை மெல்ல நகர்ந்து நகர்ந்து தன் வாலையே போய்ச் சேர்ந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்காக நகர்கிற கூட்டத்தைப் பார்த்ததில்லை என்று வாசல் காவலாளி வியந்தார்.

தோளில் பெரிய பையோடு ஒரு பெண் அவருடைய மேசைக்கு மறுபடி வந்து நின்றாள். காலையில் முதலில் வந்தவள் அவள்தான்.

"சார், உங்க பாடத்துக்கு இயற்பியல் முடிச்சிருக்கணும்னு சொன்னீங்க. இயற்பியல்ல தத்துவம் முடிச்சியான்னாங்க. தத்துவத்துல வரலாறு முடிச்சியான்னாங்க. வரலாறுல பொருளியல். பொருளியல்ல உங்க கிட்ட போகச் சொல்றாங்க."

"சரிம்மா."

"நான் இப்ப எங்க போகட்டும்?"

கல்லு வாத்தியார் படிகக்கல்லைப் பார்த்தார். மேசைகளை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"கேன்டீன் திறந்திருக்கும்," என்றார்.

மாலையில் கணக்கெடுத்தபோது, பொதுக்கல்வியில் எந்தப் பாடத்திலும் ஒருவர்கூடச் சேரவில்லை என்று தெரிந்தது. மற்ற தலைவர்களுக்கு அது வெறும் அவமானம். அவரவர் துறையில் சொந்த மாணவர்கள் இருந்தார்கள். கல்லு வாத்தியாருக்கு அது வேலையே போகிற விஷயம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதென்றால் என்னவென்று அவர் வீடு திரும்பி விளக்கிச் சொன்னார். மனைவி கேட்டுவிட்டு, சாப்பாடு போட்டாள், திட்டவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அவசரக் கூட்டம் கூடியது. தவறு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

"சுருக்கமா சொல்றேன்," என்றார் சுருக்கம் சார். "திட்டத்துல குறை கிடையாது. மாணவர்கள்தான் திட்டத்துக்கு இன்னும் தயாராகல."

துணைவேந்தருக்கு இது பிடித்திருந்தது. "யோசிச்சுப் பாருங்க," என்றார். "யாராலயுமே சேர முடியாத அளவுக்குத் தரமான பாடம் உலகத்துல வேற எங்கயாவது இருக்கா?"

ஒரே ஒரு முன்தகுதியை எடுத்துவிட்டால் போதுமே என்று கல்லு வாத்தியார் ஈனக்குரலில் சொன்னார். தன்னுடையதையே எடுத்துவிடலாம் என்றார். பதிவாளர் முடியாது என்று தலையை ஆட்டினார். பொதுக்கல்விப் பாடம் ஒன்றைப் படித்துத் தேறிய ஆறு பேர் பரிந்துரைத்தால்தான் முன்தகுதியை மாற்றலாம், அது விதி. தேறியவர் ஒருவரும் இல்லை. தேற வேண்டுமென்றால் சேர வேண்டும். சேர வேண்டுமென்றால் மாற்ற வேண்டும்.

அப்போதுதான் பதிவாளர் பளபளப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினார். அங்கே, 'குழு உறுப்பினர்கள் அனைத்துத் துறைகளிலும் அடிப்படை அறிவு வாய்ந்தவர்களாகக் கருதப்படுவர்' என்று ஒரு வரி இருந்தது. பார்க்க நன்றாக இருக்குமே என்று சுருக்கம் சார் சேர்த்தது. ஆக, அந்தப் பல்கலைக்கழகத்தில் பொதுக்கல்வி பயில முழுத் தகுதி உள்ளவர்கள் துணைவேந்தர், பதிவாளர், நான்கு துறைத்தலைவர்கள். இன்னொருவர் கல்லு வாத்தியார்.

எந்தப் பாடத்தில் சேருவது? இயற்பியல் அம்மையாரின் வகுப்பில் உட்காருவதைவிடக் கிணற்றில் குதிக்கலாம் என்றார் வரலாற்றுத் தலைவர். சுருக்கம் சார் பாடம் நடத்தினால், முழு மனிதனாவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன் என்றார் அம்மையார். ஒரு தலைவர் இன்னொரு தலைவருக்கு மாணவராவதென்றால் மானப் பிரச்சினை.

"கல்லு வாத்தியார் கிட்ட உக்காரலாம்," என்றார் வரலாற்றுத் தலைவர். "அவர் கிட்ட உக்கார்றது உக்கார்ற கணக்குல வராது."

அதுவும் ஒருமனதாக நிறைவேறியது. வெளியே வரும்போது பதிவாளர் கல்லு வாத்தியாரின் காதோரம், "ஆறு மாணவர். தேறிட்டாங்கன்னா உங்களுக்கு நீட்டிப்பு," என்றார். கொஞ்சம் நகர்ந்துவிட்டுத் திரும்பி, "தேறணும். அதுவும் விதி," என்றார்.

படிக்கட்டுக்கு அடியில் வகுப்பு தொடங்கியது. ஆறு பேரும் முன்வரிசையைத் தவிர்த்தார்கள். கடைசி பெஞ்சுக்கு அம்மையாரும் வரலாற்றுத் தலைவரும் ஒரே நேரத்தில் ஓடி முட்டிக்கொண்டார்கள். இருபது நிமிஷ மணி நேரத்தில் முதல் பத்து நிமிஷம் வருகைப் பதிவு எடுத்துப் பதிவாளருக்குக் காட்டுவதிலேயே போகும். துணைவேந்தர் இரண்டாம் நாளிலிருந்து அந்தரங்கச் செயலரை அனுப்பினார்; செயலர் நல்ல மனிதர், கவனித்துக் கேட்டார், குறிப்பெடுத்தார், படிவுப்பாறைக்கும் தீப்பாறைக்கும் வித்தியாசத்தை ஒருநாள் அவரே கரும்பலகையில் வரைந்து காட்டினார். ஆனால் அவர் மாணவர் இல்லை. வரலாற்றுத் தலைவர் எந்தக் கல்லைக் காட்டினாலும் இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டார். தத்துவத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, கல்லைப் பார்ப்பது வேறு, அறிவது வேறு என்றார். இயற்பியல் அம்மையார் கல்லு வாத்தியார் சொல்கிற ஒவ்வொன்றையும் திருத்தினார். சுருக்கம் சாரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பதைக் கல்லு வாத்தியார் ஒரே தடவையில் கற்றுக்கொண்டார்.

தேர்வு வந்தது. அதற்கு ஆள் அனுப்ப முடியாதென்று பதிவாளர் சொல்லிவிட்டதால் துணைவேந்தரும் நேரில் வந்தார். மேசைமேல் ஒரு தட்டில் ஐந்து கற்கள். ஒவ்வொன்றும் என்ன கல் என்று எழுத வேண்டும். பிறகு ஒரு கேள்வி: படிவுப்பாறை எப்படி உருவாகிறது? கல்லு வாத்தியார் இதைவிட எளிதாக ஒரு தேர்வு வைக்க முடியுமா என்று பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை வைத்தார்.

மறுநாள் அவர் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களைப் பரப்பினார். துணைவேந்தர் படிவுப்பாறைக் கேள்விக்கு, 'இந்த இனிய தருணத்தில் உங்கள் அனைவரையும் சந்திப்பதில் மகிழ்ச்சி' என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதியிருந்தார்; பாறை கடைசிவரை வரவில்லை. தத்துவத் தலைவர் 'உருவாகிறது என்றால் என்ன?' என்று எதிர்க்கேள்வி கேட்டு முடித்திருந்தார். வரலாற்றுத் தலைவரின் விடையும் பதிவாளரின் விடையும், அடித்துத் திருத்திய இடங்கள் உட்பட, ஒன்றாக இருந்தன. இயற்பியல் அம்மையார் கேள்வி தவறு என்று நிறுவியிருந்தார். சுருக்கம் சார் தட்டில் இருந்த மணற்கல்லைச் செங்கல் என்று எழுதியிருந்தார். அதோடு விடாமல், செங்கல்லின் சந்தை நிலவரம் பற்றி இணைப்புத் தாள் வாங்கி எழுதியிருந்தார்.

கல்லு வாத்தியார் சிவப்புப் பேனாவை மூடி, திறந்து, மூடினார்.

"ஏங்க, என்னாச்சு?" என்று மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மணற்கல்லைச் செங்கல்லுங்கறார்."

"ரெண்டும் சிவப்பா?"

"இது சிவப்புதான். ஆனா செங்கல் மனுஷன் சுட்டதும்மா. மணற்கல்லு தானா ஆனது. கோடி வருஷம்."

"அந்தக் கல்லுக்குக் கோடி வருஷம் இருக்கு. நமக்கு அடுத்த மாசம் வரைக்கும்தான் இருக்கு," என்றாள் அவள். பிறகு குரலைத் தணித்து, "நான் உங்களைத் தப்புப் பண்ணச் சொல்லலைங்க. ரத்தத்துல நான் இப்படிப் பண்ண மாட்டேன். ஆனா கல்லைத் தப்பாச் சொன்னா எந்தக் கல்லும் செத்துப்போயிடாதுல்ல?" என்றாள்.

அவர் செங்கல் விடையை மறுபடி ஒரு தடவை படித்தார். கடைசியில், நிறத்தைச் சரியாகக் கவனித்திருக்கிறார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, செங்கல்லுக்கு முழு மார்க் போட்டார். ஒன்றுக்குப் போட்ட பிறகு மற்றவற்றுக்குப் போடுவது சிரமமாக இல்லை. ஆறு பேரும் தேறினார்கள். துணைவேந்தர் முதல் வகுப்பு.

விழா எடுத்தார்கள். ஆறு பேருக்கும் முழு மனிதர் என்ற சான்றிதழைத் துணைவேந்தர் வழங்கினார். தன்னுடையதைத் தானே வழங்கிக்கொண்டபோது கரகோஷம் அதிகமாக இருந்தது. ஆறு பேரும் சேர்ந்து பரிந்துரை கொடுத்தார்கள்: நிலவியலுக்கு முன்தகுதி தேவையில்லை, கல்லைப் பார்க்கக் கண் போதும். கதவு திறந்தது. வளாகத்தின் அத்தனை மாணவர்களும் நிலவியலில் வந்து சேர்ந்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் இடம் போதாமல் பாடத்தைப் பெரிய அரங்குக்கு மாற்றினார்கள்.

கல்லு வாத்தியார் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னார். அவள் அங்கே யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் இன்னொரு குப்பி கூடுதலாக எடுத்துவிட்டாளாம்.

துணைவேந்தர் விழாவில் ஒரு சின்ன அறிவிப்பும் செய்திருந்தார். முழு மனிதனை முழு மனிதன்தான் உருவாக்க முடியும். ஆகவே பொதுக்கல்விப் பாடம் நடத்துகிறவர் பொதுக்கல்வியில் தேறியவராக இருக்க வேண்டும். கைதட்டலில் அது கல்லு வாத்தியாரின் காதில் சரியாக விழவில்லை. பாட அட்டவணையில் தன் பெயரைத் தேடியபோது, நிலவியல் என்ற இடத்துக்கு நேராகச் சுருக்கம் சார் இருந்தார். பதிவாளரிடம் ஓடினார்.

"நீட்டிப்பு குடுத்தாச்சே," என்றார் பதிவாளர். "ஆறு பேர் தேறினாங்க, உங்களுக்கு நீட்டிப்பு. விதிப்படி சரி. பாடம் நடத்தத்தான் முடியாது. நீங்க இன்னும் தேறலல்ல?"

"சார், அந்தப் பாடத்தை நடத்தினதே நான்தான்."

"அதனாலதான் உங்களால எழுத முடியல. இந்தப் பருவம் எழுதலாம். நீங்களும் குழு உறுப்பினர். அடிப்படை அறிவு வாய்ந்தவராக் கருதறோம். தேறிட்டா வகுப்புக்குப் போகலாம். தேறலன்னா," என்று நிறுத்திய பதிவாளர், வாழ்த்தை இந்த முறை சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

கல்லு வாத்தியார் அரங்கில் போய் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் பெரிய பையோடு அந்தப் பெண் இருந்தாள்; நகர்ந்து இடம் கொடுத்தாள். மேடையில் சுருக்கம் சார், "சுருக்கமா சொல்றேன், கல்," என்று ஆரம்பித்தார். நிலவியல் இப்போது பொருளியல் துறையின் ஒரு பிரிவு. பருவ முடிவில் தேர்வு வந்தபோது தட்டும் அதே தட்டு, கற்களும் அதே கற்கள், வினாத்தாளும் அதேதான். விடைக் குறிப்பு தயாரிக்கச் சுருக்கம் சார் சிரமப்படவில்லை. ஏற்கெனவே முழு மார்க் வாங்கிய விடைகள் கையில் இருந்தன.

கல்லு வாத்தியார் அந்தத் தேர்வில் மணற்கல் என்று எழுதித் தோற்றார். மறுதேர்வில் செங்கல் என்று எழுதித் தேறினார்.